காணும் கண் எது? – பறவைகளின் வண்ணம் பற்றிய டார்வின், வொலஸ் விவாதம்: ஒரு நோக்கு

1860ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சார்ள்ஸ் டார்வின் அமெரிக்கத் தாவரவியலாளரான ஏசா கிறேக்கு எழுதிய கடிதமொன்றில், மயிற்றோகையின் இறகொன்றைக் காணுந்தோறும் தமக்குக் குமட்டல் உண்டாவதாகக் குறிப்பிட்டார். இனங்களின் தோற்றம் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்து அப்பொழுது ஆறு மாதங்கூட நிரம்பவில்லை. கூர்ப்புக் கொள்கையை உலகறியச் செய்த ஒருவரை ஓர் இறகு இவ்வளவு தூரம் அலைக்கழித்ததேன் என்ற வினா, உயிரியலுக்கு மட்டும் உரியதன்று. அழகு என்பதன் இயல்பை ஆராயும் எவர்க்கும் உரியதாகும்.

இடர்ப்பாடு வெளிப்படையானது. வாழ்க்கைப் போராட்டத்தில் உயிருக்குப் பயன்தரும் இயல்புகளே நிலைபெற்று வளர்கின்றன என்பது இயற்கைத் தேர்வுக் கொள்கையின் சாரம். மயிலின் தோகையோ பறத்தற்கு இடையூறு, ஒளித்தற்கு ஒவ்வாதது, ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் வளர வேண்டுவது. ஒரு கொள்கை தன் பகைவரது வாதங்களுக்கு விடையிறுத்துவிடலாம். பயனற்றதும் அழகியதுமான ஒரு பொருள் கண்முன்னே வந்து நிற்குமாயின் அதற்கு விடையிறுத்தல் அவ்வளவு எளிதன்று.

டார்வின் அளித்த விடை 1871இல் வெளியான 'மனிதனின் மரபுவழியும் இலிங்கத் தேர்வும்' என்னும் பொருள்படும் நூலில் விரிவாக இடம்பெற்றது. மனிதனைப் பற்றியதெனப் பெயர்பெற்ற இந்நூலின் பெரும்பகுதி மனிதனைப் பற்றியதன்று. விலங்குகளின் காதலைப் பற்றியது. பறவைகளுக்கு மட்டும் நான்கு அதிகாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இலிங்கத் தேர்வு இருவழிகளில் நிகழ்கிறது என்பது அவர் கருத்து. ஆண்கள் தம்முள் பொருது பெண்ணை அடைவது ஒன்று; பல ஆண்களுள் தமக்குப் பிடித்ததைப் பெண்கள் தேர்வது மற்றையது. முதலாவதை அக்காலத்து அறிஞருலகம் பெரும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. கொம்பும் குதிமுள்ளும் போருக்கென அமைந்தவை என்பதில் வியப்பென்ன? இரண்டாவதே ஏற்க இயலாததாயிற்று. பெண் பறவைக்குச் சுவையுணர்வு உண்டு என்றும், தலைமுறை தலைமுறையாக அது தேர்ந்த தேர்வே ஆணின் உடலில் வண்ணமாகவும் வரியாகவும் தோகையாகவும் எழுதப்பட்டது என்றும் டார்வின் கூறினார். அழகு உலகிற்கு வந்த வழிகளுள் ஒன்று ஒரு கோழியின் கண் என்று கூறுவதற்கு ஒப்பாகும் இது.

இந்நூலின் மிகச் சிறந்த பகுதி ஆர்கஸ் பெசன்ட் எனப்படும் காட்டுக்கோழி வகையைப் பற்றியதாகும். மலாயத் தீபகற்பம், சுமாத்திரா, போர்ணியோ ஆகிய இடங்களின் காடுகளில் வாழும் இப்பறவையின் ஆணுக்குச் சிறகிறகுகள் மிக நீண்டு வளர்கின்றன. அவற்றில் வரிசையாக அமைந்த கண்வடிவங்கள் தட்டையாகத் தோன்றாமல், குழியொன்றினுள் வைக்கப்பட்ட உருண்டைகள் போன்று ஒளியும் நிழலும் தீட்டப்பட்டுள்ளன. ஆண் தன் சிறகுகளைப் பெண்ணின்முன் நிமிர்த்தி விரிக்கும்போது, மேலிருந்து ஒளி விழுவதுபோல அந்நிழல்கள் அமைந்துவிடுகின்றன. ஓவியன் செய்யும் வேலை இது. இது படிப்படியாக எவ்வாறு உருவாகியிருக்கலாம் என்பதைக் காட்டுதற்கு டார்வின் மேற்கொண்ட முறை நுணுகி நோக்கற்பாலது. அதே பறவையின் இறகுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, வெறும் புள்ளியாகவும் நீள்கறையாகவும் இருப்பவற்றிலிருந்து நிறைவுற்ற கண்வடிவம்வரை இடைநிலைகள் யாவற்றையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை நிரற்படுத்தி, ஒரு பாடம் மற்றொன்றாகத் திரிந்த வழியைக் காணும் பதிப்பாசிரியரின் முறைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. ஆயின் பதிப்பாசிரியர் எதிர்நோக்கும் குறைபாடு டார்வினுக்கும் உண்டு. படிகள் இருந்தன என்பதை இறகுகள் காட்டும். அப்படிகளில் ஏற்றிய கை எது என்பதை அவை காட்டமாட்டா.

அக்கை பெண்ணின் தேர்வே என்பதற்கு டார்வின் தரும் சான்றுகள் மெலிந்தவை. சேர் ஆர். ஹெரன் என்பவரின் பேட்டு மயில்கள் பற்றிய செய்தி அவற்றுள் ஒன்று. அம்மயில்கள் வெண்திட்டுகள் விரவிய முதிய ஆண்மயில் ஒன்றிடம் பெரிதும் ஈடுபாடு கொண்டிருந்தன. அது அடைக்கப்பட்டபோதும் அடைப்பின் அருகிலேயே கூடிநின்றன. கருஞ்சிறகுடைய மற்றோர் ஆணைக் கிட்ட நெருங்கவும் விடவில்லை. செய்தி சுவையானதே. எனினும் இதனைக் கூர்ந்து நோக்கின், டார்வினின் கட்சிக்கு இது ஓரளவு எதிராகவும் நிற்கிறது. அப்பேடுகள் விரும்பியது நிறைவான தோகையையன்று. வழமைக்கு மாறான, திட்டுவிழுந்த ஒரு முதியவனை. பெண்ணின் தேர்வு உண்டென்பதற்கு இது சான்றாகலாம். மயிலின் வண்ணத்தை அத்தேர்வு ஆக்கியது என்பதற்கு ஆகாது.

டார்வினின் சிந்தனையை உண்மையில் இயக்கியது வேறொன்றாகும். கோழிகளையும் புறாக்களையும் தம் விருப்பப்படி வளர்த்தெடுத்த ஆங்கிலக் கனவான்களுடன் அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. குறுகிய காலத்தில் மனிதன் தன் அழகுக் கோட்பாட்டிற்கிணங்க ஒரு சிறு கோழிக்கு எழில் தர முடியுமாயின், ஆயிரக்கணக்கான தலைமுறைகளில் பெண் பறவைகள் அதனைச் செய்ய முடியாதா என்று அவர் 1859ஆம் ஆண்டு நூலிலேயே வாதித்திருந்தார். அவ்வகையில் அவரது பேடு, கோழி வளர்க்கும் கனவானின் மறுவடிவமே எனலாம். இதனிலும் முக்கியமானதொரு முரண்பாடும் அந்நூலில் உண்டு. பறவைகளின் உலகில் தேர்வுரிமையைப் பெண்ணுக்கு அளித்த டார்வின், மனிதரைப் பற்றிய அதிகாரங்களில் அதனைப் பறித்து ஆணிடம் கொடுத்துவிடுகிறார். மயிலின் பேட்டிற்கு வழங்கிய சுவையுணர்வை விக்டோரியா காலத்துப் பெண்ணுக்கு வழங்க அவர் தயங்கினார் என்பது அக்காலத்தைப் பற்றிய செய்தியேயன்றி, பறவைகளைப் பற்றியதன்று.

இக்கொள்கையை மிகக் கூர்மையாக எதிர்த்தவர் இயற்கைத் தேர்வைத் தனித்துக் கண்டறிந்த அல்பிரட் றசல் வொலஸ் ஆவார். வொலஸ் டார்வினைப்போன்று வீட்டிலிருந்து கடிதமூலம் செய்தி திரட்டியவரல்லர். மலாயத் தீவுக்கூட்டங்களில் 1854 முதல் 1862 வரை அலைந்து பறவைகளைத் தம் கையால் சேகரித்தவர். 1857இல் ஆரு தீவுகளில் சுவர்க்கப் பறவைகளைக் கண்டார். அவ்வனுபவத்தை அவர் 1869இல் வெளியிட்ட 'மலாயத் தீவுக்கூட்டம்' என்ற பயணநூலில் விவரிக்கும் இடம் கவனத்திற்குரியது. எத்தனையோ காலமாக இத்துணை அழகிய உயிர்கள் இருண்ட காடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தோன்றி மறைந்தன. அவற்றின் எழிலைக் காண அறிவுடைய கண் எதுவும் அங்கிருக்கவில்லை. எவ்வளவு அழகு வீணாயிற்று என அவர் வியந்து, உயிரினங்கள் யாவும் மனிதனுக்கென ஆக்கப்பட்டவை அல்ல என்ற முடிவுக்கு வருகிறார். முடிவு உயர்ந்தது. ஆனால் அவ்வியப்பினுள்ளே விவாதம் முழுவதும் அடங்கியுள்ளது. அக்காட்டில் ஒரு கண் இருந்ததே! அச்சுவர்க்கப் பறவையின் பேடு அதே கிளைகளில் தங்கி அதே இறகுகளைத் தலைமுறைதோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அறிவுடைய கண் எனும்போது மனிதக் கண்ணையே கருதிய வொலஸுக்கு அது கண்ணாகப்படவில்லை. அவரது பிற்காலக் கொள்கை இந்த ஒரு வாக்கியத்திலேயே முளைவிட்டுவிட்டது என்று கூறுவது மிகையாகாது.

எனினும் வொலஸின் பங்களிப்பைச் சிறிதெனக் கொள்ளல் தவறு. 1860களின் பிற்பகுதியில் அவர் எழுப்பிய வினா டார்வினின் வினாவைத் தலைகீழாக்கியது. ஆண் ஏன் ஒளிர்கிறது என்று டார்வின் கேட்டார். பெண் ஏன் ஒளிரவில்லை என்று வொலஸ் கேட்டார். திறந்த கூடுகளில் அடைகாக்கும் பேடுகள் மங்கிய நிறத்தனவாகவும், மரப்பொந்துகளிலும் மூடிய கூடுகளிலும் அடைகாப்பனவற்றில் பேடும் ஆணையொத்த வண்ணமுடையதாகவும் இருத்தலை அவர் சுட்டிக்காட்டினார். அடைகாக்கும் பேட்டைப் பகைவரிடமிருந்து காக்கும் பொருட்டே அதன் வண்ணம் மறைந்தது என்பது அவர் துணிபு. பின்னர் 1878இலும் 1889இலும் வெளியிட்ட நூல்களில் அவர் மேலும் சென்று, ஆணின் வண்ணம் அதன் உடல்வலுவின் பெருக்கத்தால் தானே வெளிப்படுவது என்றும், பேடு தேர்வது வலுவையேயன்றி அழகையன்று என்றும் வாதித்தார். அழகு வலுவோடு எப்பொழுதும் இணைந்தே இருக்குமாயின் அழகைத் தேர்வதென்பது வெறுஞ்சொல். இயற்கைத் தேர்வு ஒன்றே போதும் என்பது இதன் பொருள்.

இங்கு ஒன்று நினைக்கத்தக்கது. மனித உள்ளத்தின் உயர்ந்த ஆற்றல்களை இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது என 1869 முதல் வாதித்துவந்தவரும் இதே வொலஸ்தான். ஆவியுலக நம்பிக்கையும் அவரிடம் வேரூன்றியிருந்தது. அழகுணர்ச்சி மனிதனுக்கே உரிய தெய்விக உடைமை எனக் கொண்டவருக்கு அதனை ஒரு பேட்டுடன் பகிர்ந்துகொள்ள முடியாதிருந்தது இயல்பே. பயன்வாதத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவர் என இன்று போற்றப்படும் வொலஸ் அழகை உயிரியலிலிருந்து வெளியேற்றியமைக்கு, பயன்வாதம் மட்டுமன்றி, மனிதனுக்கும் விலங்கிற்கும் இடையே அவர் எழுப்பிய மதிலும் காரணமாயிற்று.

சென் ஜோர்ஜ் மிவாட் என்பவரின் மறுப்பு இவ்வளவு நுட்பமானதன்று. 1871இல் பெயர் குறிக்காது எழுதிய மதிப்புரையில், பெண்ணின் மனம் நிலையற்றது. அதன் சபலத்தால் நிலையான வண்ணம் எவ்வாறு தோன்றும் என்ற கருத்தில் அவர் ஏளனம் செய்தார். தம் காலத்து விருந்துமண்டபத்தைக் காட்டினுள் கொண்டுசென்ற வாதம் இது. இதனை மேலும் ஆராய வேண்டியதில்லை.

ஆயின் மனிதச் சமூகத்தின் ஆண்–பெண் பாகுபாட்டைப் பறவைமீது ஏற்றுதல் ஐரோப்பியருக்கு மட்டும் உரிய குறையன்று. தொல்காப்பிய மரபியல் சிறகுடைய பறவைகளின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயரை வழங்குகையில் மயிலை மட்டும் விலக்குகிறது. ஏனைப் பறவைகளினின்றும் மயில் வேறுபடுவதைக் கண்டுகொண்ட கூர்மை பாராட்டற்குரியது. ஆனால் இவ்விலக்கிற்கு உரையாசிரியர் பேராசிரியர் கூறும் காரணம் சிந்திக்கவைப்பது. தோகையுடைமையால் அவை பெண்பால் போன்ற சாயலை உடையன, ஆதலின் ஆண்தன்மை குறைந்தன என்பது அவர் விளக்கம். மகளிரின் சாயலுக்கும் கூந்தலுக்கும் தோகை மயிலை உவமை கூறிப் பழகிய மரபில் அழகு என்றாலே அது பெண்ணுக்குரியது. ஆணிடம் அது காணப்படின் ஆணுக்கே குறைவு. அழகைக் காணும் கண் ஆணுக்குரியது, காணப்படும் பொருள் பெண் என்ற நியதி அத்துணை இயல்பாகப் படிந்திருந்தது. காண்பது பேடு, காணப்படுவது ஆண் என்ற டார்வினின் கூற்று இந்நியதியைப் புரட்டிவிடுகிறது. மிவாட் அப்புரட்டலைக் கண்டு நகைத்தார். பேராசிரியர் அதற்கு இடமேற்படாதவாறு ஆண்மயிலைப் பெண்ணாக்கினார். நோக்கங்கள் வேறு, தயக்கம் ஒன்று.

டார்வினின் மறைவுக்குப் பின்னர் பெண்ணின் தேர்வு பற்றிய கொள்கை ஏறத்தாழப் புறக்கணிக்கப்பட்டது. ஆர். ஏ. பிஷர் 1915ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிலும் 1930ஆம் ஆண்டு நூலிலும் இதற்குப் புத்துயிர் அளித்தார். நீண்ட வாலை விரும்பும் பேடு நீண்ட வாலுடைய மகனையும், அதே விருப்பமுடைய மகளையும் பெறுகிறது. விருப்பமும் வாலும் இவ்வாறு பரம்பரையில் பிணைந்துகொள்வதால் ஒன்றையொன்று தூண்டித் தலைமுறைதோறும் வளர்கின்றன. வாலின் சுமை உயிருக்கே இடராகும்வரை இது ஓயாது. இதில் அழகு வேறெதற்கும் குறியீடாக நிற்கவில்லை, விரும்பப்படுவதாலேயே விரும்பப்படுகிறது. 1981இல் லாண்டே, 1982இல் கேர்க்பற்றிக் ஆகியோர் இதனைக் கணிதவழியில் நிறுவிக்காட்டினர்.

இதற்கு எதிர்த்திசையில் வந்தது 1975இல் அமொட்ஸ் சஹாவி முன்வைத்த கொள்கை. தோகை சுமையாக இருப்பதாலேயே அது நம்பத்தகுந்தது. இத்தகைய சுமையோடும் உயிர்தப்பி நிற்கும் ஆண் உண்மையிலேயே வலியது எனப் பேடு அறிந்துகொள்கிறது என்றார் அவர். ஹமில்ரன், சூக் இருவரும் 1982இல் ஒட்டுண்ணிகளை எதிர்த்துநிற்கும் ஆற்றலை ஒளிரும் வண்ணம் காட்டுகிறது என்றனர். அன்றுமுதல் இத்துறையின் சொற்கள் மாறத் தொடங்கின. 1972இல் றிவேர்ஸ் புகுத்திய 'பெற்றோர் முதலீடு' என்ற தொடருடன் செலவு, ஆதாயம், விளம்பரம், மோசடி, நேர்மையான அறிவிப்பு என்பன வரிசையாக வந்து சேர்ந்தன. வணிக வீதியொன்றில் நடப்பதுபோன்ற உணர்வு இக்கட்டுரைகளைப் படிக்கையில் உண்டாகிறது. உவமைகளின்றி அறிவியல் இயங்காது, அது குற்றமன்று. ஆனால் உவமை தானே முடிவாகிவிடும் ஆபத்து உண்டு. வண்ணம் ஒரு விளம்பரம் என்று தொடங்குபவர் அது எப்பொருளை விற்கிறது என்று மட்டுமே கேட்பார். எதையும் விற்காதிருக்கலாம் என்ற எண்ணம் அவர்க்கு எழாது. ஈழத்து விமர்சன உலகில் 1960களிலும் 1970களிலும் இலக்கியத்தின் பயனையும் அழகையும் பற்றி நிகழ்ந்த சொற்போரை அறிந்தோர்க்கு இந்நிலை பழக்கமானதே. அங்கும் ஒரு சாராருக்கு உருவம் உள்ளடக்கத்தின் ஊர்தி மட்டுமே. மறுசாராருக்கு உள்ளடக்கம் பற்றிய வினாவே அழகுக்கு இழைக்கும் அவமதிப்பு.

இக்கொள்கைகளுள் எது மெய் என்பதை வாதத்தால் மட்டும் முடிவுசெய்ய இயலாது. பெண் உண்மையில் தேர்கிறதா என்பதைக் காட்டிய மிகத் தெளிவான பரிசோதனை 1982இல் வெளியாயிற்று. கெனியாவின் மேட்டுநிலப் புல்வெளிகளில் வாழும் 'நீள்வால் விதவைக் குருவி' எனப் பெயர்பெற்ற பறவையின் ஆண் கருமையானது. இனப்பெருக்க காலத்தில் அதன் வால் அரை மீற்றர் அளவுக்கு நீள்கிறது. பேடோ குறுகிய வாலுடைய பழுப்புநிறக் குருவி. சுவீடனைச் சேர்ந்த மால்ற்றே அன்டர்சன் 36 ஆண்களைப் பிடித்து, சிலவற்றின் வாலை ஏறத்தாழ 14 சென்ரிமீற்றராகக் குறைத்தார். வெட்டிய துண்டுகளை வேறு சிலவற்றின் வாலில் ஒட்டி ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளச்செய்தார். மற்றும் சிலவற்றின் வாலை வெட்டி அதனையே மீள ஒட்டினார். எஞ்சியவற்றைத் தொடாது விட்டார். இயற்கை ஒருபோதும் வழங்கியிராத நீண்ட வாலைப் பெற்ற ஆண்களின் எல்லைக்குள்ளேயே பின்னர் அதிக பேடுகள் வந்து கூடமைத்தன. குறுவாலாக்கப்பட்டவை தம் எல்லைகளை இழந்துவிடவில்லை என்பதனால், ஆண்களுக்கிடையிலான போட்டி இதற்குக் காரணமன்று என்பதும் புலனாயிற்று. நூற்றுப்பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னர் டார்வினின் பேட்டிற்குக் கிடைத்த நீதி இது.

ஆயின் இப்பரிசோதனை எதனைக் காட்டிற்று, எதனைக் காட்டவில்லை என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். பேடு தேர்கிறது என்பதை அது நிறுவியது. ஏன் தேர்கிறது என்பதை நிறுவவில்லை. ஒட்டப்பட்ட வாலுடைய குருவி முன்னிலும் வலியதாகிவிடவில்லை. பேடு அதனை விரும்பிற்று. இதனை, பேடு ஏமாற்றப்பட்டது என்று சஹாவியின் வழிவந்தோர் பொருள்கொள்ளலாம். பேடு அழகைக் கண்டது என்று டார்வினின் வழிவந்தோர் பொருள்கொள்ளலாம். ஒரே வால் இருவர்க்கும் சான்றாகிறது. இத்துறையின் எழுத்துகள் பலவற்றில் தேர்வு நிறுவப்பட்டதை நோக்கம் நிறுவப்பட்டதாகக் கொண்டுவிடும் தாவல் காணப்படுகிறது. அத்தாவலே இவ்விவாதத்தின் நிலையான நோய்.

வண்ணம் உண்மையிலேயே செய்தி கூறும் இடங்களும் உள. சிவப்பு, மஞ்சள் இறகுகளுக்குப் பெரும்பாலும் காரணமான கரொட்டினொயிட்டு நிறப்பொருள்களைப் பறவைகள் தம் உடலில் ஆக்கிக்கொள்ள முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும். வட அமெரிக்காவின் 'ஹவுஸ் பிஞ்ச்' எனும் சிறுகுருவியின் ஆண்கள் வெளிர் மஞ்சள் முதல் ஆழ்ந்த சிவப்பு வரை வேறுபடுவதையும், பேடுகள் சிவந்தவற்றையே நாடுவதையும், சிவந்தவை கூட்டிற்கு அதிக உணவு கொணர்வதையும் ஜெப்ரி ஹில் 1991இல் எடுத்துக்காட்டினார். இவ்விடத்தில் வொலஸின் வாதமே வலுப்பெறுகிறது. ஆனால் மயிலின் பச்சையும் நீலமும் இவ்வகையின அல்ல. அவை நிறப்பொருளால் மட்டும் ஆனவையல்ல. இறகின் நுண்ணிழைகளில் மெலனின் கோல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பினின்று ஒளி தெறிப்பதால் தோன்றுபவை. சிவந்த குருவிக்குப் பொருந்தும் விளக்கத்தை மயிலுக்கும் அப்படியே பொருத்துதல் கூடாது.

மயிலைப் பற்றிய ஆய்வுகளே இதற்குச் சான்று. இங்கிலாந்தின் விப்ஸ்நேட் பூங்காவில் மேரியன் பெற்றி 1990களின் முற்பகுதியில் மேற்கொண்ட ஆய்வுகளில், தோகைக் கண்கள் மிகுந்த ஆண்களைப் பேடுகள் அதிகம் நாடின. அத்தகைய ஆண்களின் குஞ்சுகள் நன்கு வளர்ந்து உயிர்தப்பின. ஆனால் யப்பானில் தகஹாஷியும் பிறரும் ஏழாண்டுகள் அவதானித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பேடுகள் அத்தகைய விருப்பம் எதனையும் காட்டவில்லை. 1980களில் நான்சி பேர்லி 'ஸீப்ரா பிஞ்ச்' குருவிகளின் கால்களில் வண்ண வளையங்களை இட்டு, செவ்வளையமுடைய ஆண்களைப் பேடுகள் விரும்புவதாகக் கண்டமை பாடநூல்களில் இடம்பெற்ற புகழுடையது. 2018இல் வெளியான மீள்பரிசோதனைகளின் தொகுப்பில் வளையத்தின் நிறத்தால் குருவிகளின் இனப்பெருக்க வெற்றியில் வேறுபாடெதுவும் காணப்படவில்லை. பாடநூலில் ஏறிய சான்று தளர்ந்தபின்னும் அதன் புகழ் தளராதிருத்தல் இலக்கிய வரலாற்றுக்கு மட்டும் உரிய குறையன்று போலும்.

இத்தகைய சூழலில் 2017இல் றிச்சட் பிறம் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் வெளியிட்ட 'அழகின் கூர்ப்பு' என்னும் நூல் டார்வினின் அழகுக் கொள்கையை மீண்டும் அரியணையேற்ற முயன்றது. வண்ணம் ஏதேனும் நற்பண்பை உணர்த்துகிறது என்பவரே அதற்குச் சான்று காட்டவேண்டும்; அதுவரை பிஷர் கூறியவாறு விருப்பத்தால் மட்டும் வளர்ந்தது எனக் கொள்வதே முறை என்பது அவர் வாதம். இந்நூலின் துணிவு போற்றத்தக்கது. விளம்பரத்தின் பொருளைக் கண்டுபிடிக்க முடியாதபோதெல்லாம் இன்னும் தேடவேண்டும் என்று கூறிவந்த துறையினரிடம், தேடியும் கிடையாமையே ஒரு விடையாகலாம் என அவர் உரைத்தார். எனினும் சான்று காட்டும் சுமையை எதிர்க்கட்சியின் தோளில் ஏற்றிவிட்டால் தம் கட்சி தானே நிறுவப்பட்டதாகாது. தேர்வதற்குப் பேடு காலத்தையும் உயிரையும் பணயமாக வைக்கவேண்டியிருப்பின், பிஷரின் வழியில் விருப்பம் நிலைத்து நிற்பதே கடினமாகும். இந்த இடையூற்றுக்கு அந்நூலில் போதிய இடம் அளிக்கப்படவில்லை. அழகைக் காக்கவேண்டும் என்ற ஆர்வம் சிலவேளைகளில் வாதத்தை முந்திவிடுகிறது.

ஆணின் வண்ணத்தைப் பற்றிய இச்சொற்போரில் இருதரத்தாரும் மறந்த ஒன்று வொலஸின் பழைய வினாவாகும். 1998இல் கெவின் பேர்ண்ஸ் 'ரனேஜர்' எனும் அமெரிக்கக் குருவிக் குடும்பத்தின் மரபுவழியை ஆராய்ந்தபோது, ஆண்களின் வண்ணத்தைவிடப் பேடுகளின் வண்ணமே அதிக தடவைகள் மாறியிருந்தது. ஏறத்தாழ ஆறாயிரம் பாடும் பறவையினங்களை ஒப்பிட்டு 2015இல் வெளியான மற்றோர் ஆய்விலும், இலிங்கத் தேர்வு கடுமையாக உள்ள இனங்களில் ஆண் ஒளிபெறுவதிலும் மேலாகப் பெண் ஒளி குன்றுவதே புலப்பட்டது. மங்கல் என்பது தொடக்கநிலை, வண்ணம் என்பது பின்வந்த அணி என்ற டார்வினின் படிமம் இதனால் ஆட்டங்காண்கிறது. பேடு அணியப்பெறாத வெற்றுடலன்று. பல மரபுகளில் அணி களைந்த உடல்.

எக்லெக்டஸ் கிளியின் கதை இதனிலும் விந்தையானது. நியூகினியிலும் ஆஸ்திரேலியாவின் வடமுனையிலும் வாழும் இக்கிளியின் ஆண் பச்சை; பேடு செந்நிறமும் நீலமும் கலந்தது. 19ஆம் நூற்றாண்டில் இவை நெடுங்காலம் இருவேறு இனங்களெனவே கருதப்பட்டன. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இவ்வாறு அமையலாம், அதிலும் பெண்ணே ஒளிரலாம் என்பது அறிஞர்க்கு எளிதில் தோன்றவில்லை. அரிதாகக் கிடைக்கும் மரப்பொந்துகளைக் காத்துநிற்கும் பேடுகள் செந்நிறத்தால் தம் உரிமையைத் தொலைவிலேயே அறிவிக்கின்றன என்றும், உணவுதேடி இலைகளிடையே திரியும் ஆண்களுக்குப் பருந்துகளிடமிருந்து பச்சை மறைப்பளிக்கிறது என்றும் 2005இல் ஹைன்சோன் முதலானோர் விளக்கினர். இங்கு வண்ணம் காதலுக்கன்று, போட்டிக்கு.

இறுதியாக, இவ்விவாதம் முழுவதும் எந்தக் கண்ணைக் கொண்டு நடத்தப்பட்டது என்பதும் கேட்கப்படவேண்டும். மனிதக் கண்ணில் நிறமுணரும் கூம்புகள் மூவகை. பறவையின் கண்ணில் நால்வகை. மனிதர் காணாத கழியூதா ஒளியைப் பறவைகள் காண்கின்றன. ஐரோப்பாவின் 'புளூ டிட்' எனும் நீலச்சிட்டில் ஆணும் பேடும் ஒத்த நிறத்தன என்றே நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. அவற்றின் உச்சியிறகுகள் கழியூதாவில் தெளிவாக வேறுபடுகின்றன என்பது 1998இல் வெளிப்பட்டது. 2005இல் மூயர் ஈற்றன், ஆணும் பெண்ணும் ஒரேவகையின என நூல்கள் கூறும் 139 பாடும் பறவையினங்களின் இறகுகளை அளந்து பறவைக் கண்ணின் கணக்கில் ஒப்பிட்டார். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் ஆண் வேறு, பெண் வேறாகவே இருந்தன. டார்வினும் வொலஸும் வாதித்த அட்டவணைகளில் 'இருபாலும் ஒத்தவை' என்ற தலைப்பின்கீழ் அமைந்த பறவைகள் பலவும் ஒருவரையொருவர் அவ்வாறு கண்டதேயில்லை.